திரும்ப அழைக்க முடியாத அஸ்திரம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் கண்ணிவெடித் தடை என்னும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்து, இந்தப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் எங்கள் மாரியம்மன் ஆலயத்தின் இளைஞர் பிரிவில் இருக்கிறேன். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை விட்டு எந்த நாடும் விலகக் கூடாது என்று கேட்கும் விண்ணப்பம் ஒன்றில் எங்கள் ஆலயத்தின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று பக்கத்துத் தேவாலய நண்பர்கள் கேட்டார்கள். நிர்வாகக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "வெடிகுண்டுக்கும் மாரியாத்தாவுக்கும் என்னடா சம்பந்தம்? பூசை வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?
– இளைஞர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை நம் ஆலய மண்டபத்தில் ஆண்டுதோறும் சொல்லப்படும் பாரதக் கதையிலேயே இருக்கிறது. பதினெட்டாம் நாள் போர் முடிந்த பிறகு, உறங்கிக்கொண்டிருந்தவர்களை இரவில் புகுந்து கொன்றுவிட்டு ஓடிய அசுவத்தாமன், கங்கைக் கரையில் பாண்டவர்களிடம் அகப்பட்டபோது ஒரு புல்லை எடுத்து மந்திரம் ஓதிப் பிரம்மாஸ்திரமாக ஏவினான். அதைத் தடுக்க அர்ச்சுனனும் தன் அஸ்திரத்தை ஏவினான். வியாசரும் நாரதரும் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்று, இருவரும் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அர்ச்சுனன் அழைத்துக்கொண்டான். அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவத் தெரிந்தவனுக்குத் திருப்பி வாங்கத் தெரியவில்லை. கடைசியில் அந்த அஸ்திரம் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத, இன்னும் பிறக்கவே பிறக்காத, உத்தரையின் வயிற்றுப் பிள்ளை மீது போய் விழுந்தது. கண்ணன் உயிர் கொடுத்திராவிட்டால் பரீட்சித்து என்றொருவன் இல்லை. அந்த அஸ்திரம் மோதும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை பெய்யாது என்று வியாசர் சொல்வதையும் கவனியுங்கள். போர் முடிந்த பின்பும் நிலத்தைத் தரிசாக்கி வைக்கும் ஆயுதம் அது.

மனிதர்களைக் குறிவைத்துப் புதைக்கப்படும் கண்ணிவெடி இந்த அஸ்திரத்தின் வகையைச் சேர்ந்தது. புதைத்த படை ஊரை விட்டுப் போகலாம், சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகலாம், புதைத்தவனே முதுமையடைந்து இறந்தும் போகலாம். மண்ணுக்குள் இருப்பதற்கு அந்தச் செய்தி எதுவும் போய்ச் சேராது. சில வகைகள் வெடிப்பதற்கு ஐந்து முதல் பத்து கிலோ அழுத்தம் போதும். ரப்பர் பால்வெட்டுக்குப் போன வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதென்றால், பாதி நிறைந்த பால் வாளியின் பாரம். மிதிப்பது சிப்பாயின் பூட்சா, விறகு பொறுக்கப் போன பிள்ளையின் காலா என்று அது பார்ப்பதில்லை.

நம் முன்னோர் போரே கூடாது என்று சொன்னவர்கள் அல்லர். ஆனால் போருக்கு முன் எச்சரிக்கை உண்டு என்றார்கள். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் இன்னும் பிள்ளைப்பேறு வாய்க்காதவர்களையும் விளித்து, "எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்" என்று முன்கூட்டியே சொல்லிவிடும் அறநெறியைப் பாராட்டுகிறார். மனு நூலை நான் பல காரணங்களுக்காக ஏற்காதவன். எனினும் அதன் ஏழாம் இயலில்கூட, மறைத்து வைத்த ஆயுதத்தாலும் நஞ்சு தோய்த்த ஆயுதத்தாலும் பகைவனைத் தாக்கலாகாது என்ற விதி இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

உங்கள் பெரியவரிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு. அது நான் பார்த்தது. எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தவர்கள் காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைப்பார்கள். வைப்பவர் அன்று மாலை எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும், முழங்கால் உயரத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன் கண்ணியைக் கழற்றிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒரு முறை ஒருவர் கழற்ற மறந்துவிட்டார். இருட்டோடு இருட்டாகத் தம் ரப்பர் மர நிரைக்குப் போன ஓர் அம்மாவின் கணுக்காலைக் கம்பி இறுக்கி எலும்பு தெரியும்வரை அறுத்துவிட்டது. அன்று மாலை கோயில் வாசலில் கூடிய பஞ்சாயத்தில், பன்றிக்கு வைத்தேன், மனிதருக்கு வைக்கவில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாரியம்மன் சன்னிதியில் சூடம் ஏற்றி, அந்த அம்மா எழுந்து நடக்கும்வரை அவருடைய நிரையையும் சேர்த்து இவரே வெட்டித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இரண்டு மாதம் வெட்டினார். அந்தத் தீர்ப்பைக் கோயில் வாசலில் வைத்துத்தான் சொன்னார்கள், தம்பி.

கேள்வி: கண்ணிவெடித் தடை என்பது அரசாங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கொண்டுவந்ததுதானே? அதில் சமயத்தவர்கள் உண்மையில் எதையாவது செய்தார்களா, அல்லது பின்னால் வந்து ஆசீர்வாதம் மட்டும் செய்தார்களா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: கடுமையாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். 1992ஆம் ஆண்டில் ஆறு தொண்டு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய அனைத்துலக இயக்கம்தான் இதன் முதுகெலும்பு. அவை ஆறும் மருத்துவம், மனித உரிமை, வெடி அகற்றல், போரில் ஊனமுற்றோர் நலம் ஆகியவற்றில் உழைத்தவை. ஆனால் அந்த இயக்கத்துக்கு முகமும் குரலும் கொடுத்த இடங்களுள் ஒன்று கம்போடியா. அங்கே சமயத்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

கம்போடியாவின் பௌத்தத் துறவி மகா கோசானந்தா, கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் தம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். 1992இல் தாய்லாந்து எல்லையிலிருந்து அகதிகளோடு சேர்ந்து தம்மயாத்திரை என்னும் நடைப்பயணத்தைத் தொடங்கினார். அதன்பின் ஆண்டுதோறும் நடந்த அந்த யாத்திரை, சண்டை இன்னும் ஓயாத பகுதிகளின் வழியாகவும் வெடிகள் புதைந்த நிலங்களின் ஓரமாகவும் சென்றது. துறவிகள் வழிநெடுக மக்களுக்கு நீர் தெளித்து ஆசி கூறிக்கொண்டே நடந்தார்கள். அமைதியைத் தடுக்கும் கண்ணிவெடிகள் நம் உள்ளத்திலும் இருக்கின்றன, பேராசையும் வெறுப்பும் மயக்கமுமே அவை என்று அவர் சொல்வார். இதைச் சொன்னவர் மண்ணில் இருப்பவற்றை மறந்துவிட்டு உள்ளத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இவற்றைச் செய்யாதீர்கள், விற்காதீர்கள், புதைக்காதீர்கள் என்று உலக மேடைகளிலும் கேட்டார். ஆயுத வாணிகம் செய்யலாகாது என்பது புத்தர் இல்லறத்தாருக்கு வகுத்த விதி என்பதால், அவருக்கு இது புதிய கொள்கையும் அன்று.

அதே நாட்டில் கத்தோலிக்க இயேசு சபைத் துறவியரின் அகதிகள் பணியகம், வெடியில் கால் இழந்தவர்களுக்குத் தொழில் கற்றுத் தந்து, சக்கர நாற்காலிகளைச் செய்து கொடுத்துவந்தது. அங்கிருந்த முன்னாள் சிப்பாய்கள் நால்வர், இந்த ஆயுதத்தைத் தடை செய்யுங்கள் என்று உலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வெவ்வேறு படைகளில் நின்று போரிட்டவர்கள், ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. அவர்களுள் ஒருவரான துன் சன்னாரெத், 1982இல் இரண்டு கால்களையும் இழந்தவர். 1997 டிசம்பரில் ஓஸ்லோவில், அந்த அனைத்துலக இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, இயக்கத்தின் சார்பில் பரிசை ஏற்றவர்களுள் சக்கர நாற்காலியில் சென்ற அவரும் ஒருவர். அதன் பின்னும் அவர் கிராமம் கிராமமாகச் சக்கர நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்.

வத்திக்கான் ஒரு தனி நாடு என்ற முறையில், தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்திய நாடுகளுள் ஒன்றானது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒப்பந்தத்தின் முகவுரையில் உள்ள ஒரு சொற்றொடர். மனிதநேய நெறிகளை வளர்ப்பதில் பொதுமக்களின் மனச்சாட்சிக்குள்ள பங்கை அது வலியுறுத்துகிறது. சட்ட வல்லுநர்கள் எழுதிய ஆவணத்தில் மனச்சாட்சி என்ற சொல் ஏறியிருக்கிறது என்றால், அதைப் பேசுவதற்கு ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் யாரும் தனியாக அனுமதிச் சீட்டுத் தர வேண்டியதில்லை.

கேள்வி: நம் மலேசியா இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: இருக்கிறது, மகளே. 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டபோதே மலேசியா கையெழுத்திட்டது; 1999இல் உறுதிப்படுத்தியது; 2000இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. இராணுவக் கிடங்கில் இருந்த 94,000-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை 2001 தொடக்கத்திலேயே அழித்து முடித்தது. கையிருப்பை அழிக்க ஒப்பந்தம் நான்கு ஆண்டு அவகாசம் தருகிறது. நம் நாடு அதுவரை காத்திருக்கவில்லை. மலாய் மொழியில் கண்ணிவெடிக்குப் 'பெரியோக் ஆப்பி' என்று பெயர், அதாவது நெருப்புப் பானை. உன் வகுப்பு மலாய்த் தோழிகளிடம் இந்தச் சொல்லைச் சொல்லி இதைப் பற்றிப் பேசிப் பார்.

கேள்வி: என் அப்பா எழுபதுகளில் தாய்லாந்து எல்லைக் காட்டில் பணியாற்றிய சிப்பாய். கம்யூனிஸ்டுகள் வைத்த பொறிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்தார். ஆனால் அவரே, "சின்ன நாட்டுக்குப் பெரிய எதிரி வந்தால் எல்லையில் கண்ணிவெடி வைக்காமல் வேறு என்ன செய்வது?" என்று கேட்கிறார். தடையை வேண்டிப் பிரார்த்தனை செய்யலாம் என்று போன நான் அவர் முன் வாயடைத்து நின்றேன்.
– மகள், லிந்தாங்

பதில்: அம்மா, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நம் பேராக் காடுகளில் 1989 டிசம்பரில் கம்யூனிஸ்டுகளோடு ஹட்யாய் அமைதி உடன்படிக்கை வரும்வரை எத்தனை பேர் எப்படிக் காவல் நின்றார்கள் என்பதை நாம் பேச மறந்துவிட்டோம். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே இந்தச் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளை அடுத்துத்தான்.

அவர் கேட்பது வெறும் வாதம் அன்று. 2025ஆம் ஆண்டில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள், ரஷ்யா மீதுள்ள அச்சத்தைக் காரணம் காட்டி, ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. அந்த நாட்டுத் தாய்மார்களின் பயத்தை இங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அற்பமென்று சொல்ல எனக்கு மனம் வராது. ரஷ்யா, அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய பெரிய நாடுகள் இன்றுவரை ஒப்பந்தத்துக்கு வெளியில் நிற்பதும் உண்மை. அவை வெளியில் இருக்கச் சிறியவர்கள் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வியில் உள்ள மனக்கசப்பையும் நான் உணர்கிறேன்.

இருந்தும் என் நிலை மாறவில்லை. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு, இராணுவ அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு, 1940 முதல் நடந்த போர்களை ஆராய்ந்து 1996இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கண்ணிவெடிகளால் போர்க்களத்தில் கிடைத்த பயன் மிகக் குறைவு, உறுதியான எதிரியை அவை நிறுத்தியதில்லை, பல வேளைகளில் புதைத்த படையினரையே அவை கொன்றன என்பது அதன் முடிவு. உங்கள் அப்பா இதை என்னைவிட நன்றாக அறிவார்: துப்பாக்கியோடு ஆள் காவல் நிற்காத கண்ணிவெடி வயல், பொறுமையுள்ள எதிரிக்குச் சில மணி நேரத் தாமதம்தான். படை நகர்ந்த பிறகு அது உழவனுக்குப் பல பத்தாண்டுத் தொல்லை. டாங்கிகளைத் தடுக்கும் வெடிகளை இந்த ஒப்பந்தம் தடை செய்யவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மனிதரின் காலடியால் வெடிப்பவற்றையே அது விலக்குகிறது.

சமயத்தின் தரப்பிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றே. எல்லை காப்பவனின் கையில் உள்ள துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. எதிரே வருவது பிள்ளை என்று கண்டால் விரலை எடுத்துவிடும் மனம் அது. உங்கள் அப்பா அந்தக் காட்டில் எத்தனையோ முறை சுடாமல் விட்டிருப்பார். கேட்டுப் பாருங்கள், சொல்வார். கண்ணிவெடியை நம்பும்போது அந்த மனத்தையே நாம் வேலையிலிருந்து நீக்கிவிடுகிறோம். அவரை வாதத்தில் வெல்ல வேண்டாம். பிரார்த்தனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். பேச விரும்பினால் அவரே முதலில் பேசட்டும்.

கேள்வி: எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எனக்கு உடம்பு நடுங்குகிறது. இங்கிருந்து நான் அவளுக்காக என்ன செய்ய முடியும்?
– அத்தை ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அவர் செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் நடுக்கம் ஓரளவு குறையும் என்று நினைக்கிறேன். முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பும் மார்புக் கவசமும் அணிந்து, அளந்து கயிறு கட்டிய ஒரு குறுகிய பாதையில் மண்டியிட்டு உட்கார்ந்துதான் இந்த வேலையைச் செய்வார்கள். உலோகம் காட்டும் கருவி உதவாத மண்ணில், இலங்கையில் பழக்கத்தில் உள்ள முறைப்படி, நீண்ட காம்பும் பற்களும் உள்ள மண்வாரியால் மண்ணை மேலிருந்து அல்லாமல் பக்கவாட்டில், விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி எடுப்பார்கள். முடித்த இடத்துக்கும் முடிக்காத இடத்துக்கும் நடுவில் நிறமடித்த குச்சிகள் நிற்கும். ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர் முடிந்தாலே நல்ல வேலை. பயிற்சியும் ஒழுங்கும் உள்ள வேலை இது. அவசரப்படுபவரை அங்கே வைத்திருக்க மாட்டார்கள்.

முகமாலைப் போன்ற பழைய போர்முனைகளில் வரிசை வரிசையாகப் புதைந்திருந்தவற்றை இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் எடுத்துவருகிறார்கள். அவர்களில் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்களும் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சில வாசகர்களுக்கு அது கசக்கலாம். அந்த மண்ணில் இராணுவமும் புதைத்தது, விடுதலைப் புலிகளும் புதைத்தார்கள். அங்கே மக்கள் இதை மிதிவெடி என்பார்கள். மிதித்த காலுக்கு அது யார் வைத்தது என்ற வேறுபாடு கிடையாது என்பதால், கண்டனம் செய்யும்போது நம் தரப்பு என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் நம் பிரார்த்தனைக்கு மதிப்பில்லை. இலங்கை 2017 டிசம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலம் முழுவதையும் 2028க்குள் துப்புரவாக்க வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது. பணம் குறைந்தால் இந்த வேலை நின்றுபோகும். ஆகவே கோயில்களில் திரட்டும் நிதியில் ஒரு பங்கை நம்பகமான வெடி அகற்றும் அமைப்புக்கு அனுப்புவது அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியம் என்று நான் கருதவில்லை.

அவருக்கு நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது: அடுத்த முறை பேசும்போது உங்கள் பயத்தைச் சொல்லாதீர்கள். இன்று எத்தனை மீட்டர் முடித்தாய் என்று கேளுங்கள்.

கேள்வி: தேவாலயத்தாரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மதம் மாற்ற வழி விடுவதாக ஆகாதா? முஸ்லிம் அண்டை வீட்டாரையும் கேட்கலாமா?
– ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: கையெழுத்தில் மதம் மாறிவிடும் அளவுக்கு நம் பக்தி மெலிந்ததில்லை, ஐயா. தேவாலயத்தார் இதற்கு வருவது அவர்கள் வேதம் சொல்வதனால்தான்: குருடனின் பாதையில் இடறுகட்டை வைக்காதே என்று லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இருட்டில் நடக்கும் எல்லாரும் அங்கே குருடர்தாமே. முஸ்லிம் நண்பர்களைத் தாராளமாகக் கேளுங்கள். பாதையில் கிடக்கும் தீங்கு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்பது நபிமொழி. படை அனுப்பும்போது பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர்கள், காய்க்கும் மரத்தை வெட்டாதீர்கள் என்று கலீஃபா அபூபக்கர் கட்டளையிட்டதையும் அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். மியன்மாரிலிருந்து ஓடி வந்து நம் ஊர்களில் கூலி வேலை செய்பவர்களும் இதை அறிவார்கள். 2023ஆம் ஆண்டில் உலகிலேயே மிக அதிகமானோர் கண்ணிவெடிகளுக்கும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளுக்கும் பலியானதும் காயமடைந்ததும் அந்த நாட்டில்தான்.

செய்முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். அரசியல் கட்சியின் பெயர் எதுவும் அதில் வேண்டாம். ஏப்ரல் 4ஆம் நாளை ஐ.நா. இதற்கென ஒதுக்கியிருக்கிறது, அதை ஒட்டிவரும் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குக் கூட்டம் சேரும். மேசையைக் கோபுர வாசலுக்கு உள்ளே போடாதீர்கள். வெளியே, செருப்புகளைக் கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். பூசை முடிந்து வெறுங்காலோடு வெளியே வருபவர்கள் செருப்பைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் படித்துப் பார்க்கட்டும்.